ஜெனோவாவில் ஒரு பகல்: சைவச் சாப்பாட்டுக்கு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் சுற்றுலாக் கப்பல் இத்தாலியின் ஜெனோவாவில் நிற்கிறது. காலை 9 முதல் மாலை 5 வரை கரையில் இருக்கலாம். அம்மாவும் அப்பாவும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பார்க்கும் இடங்கள் முடிவாகிவிட்டன. கரிபால்டி தெரு மாளிகைகள், சான் லொரென்சோ பேராலயத்தில் 1941 பிப்ரவரி 9 அன்று விழுந்து வெடிக்காமல் போன குண்டு, பிறகு போர்த்தெல்லோ சதுக்கத்திலிருந்து லிஃப்டில் காஸ்தெல்லெத்தோ மேடு. மீன் காட்சியகம் அரை நாளை விழுங்கிவிடும், அதனால் விட்டுவிட்டோம்.

சிக்கல் சாப்பாட்டில்தான். அந்த ஊர்ப் பச்சைத் துளசி வகைச் சட்னியான பெஸ்தோவில் பார்மிஜானோ சீஸ் சேரும். அந்தச் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி விட்டுத்தான் உறைய வைப்பார்கள், ஆகவே அது ஆகாது. கைகொடுக்கக்கூடியது ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் வைத்தால் ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருக்கும். ஆறினால் ரப்பர்போல் இழுக்கும், சூடாகவே சாப்பிட வேண்டும். குட்டி மீன் போட்ட வகையும் இருப்பதால் கேட்டு வாங்குவது அவசியம்.

துறைமுகத்தை ஒட்டிய சொத்தோரிபா வளைவுக் கடைகளில் மதியம் 12 மணிக்கே ஃபரினாத்தா சுடுகிற கடை எது? மீனுக்கும் அதற்கும் ஒரே கரண்டி புழங்காத இடமாக இருந்தால் ரொம்ப நல்லது.

மெர்காத்தோ ஓரியெந்தாலே சந்தையில் சீஸ் சேர்க்காத பெஸ்தோ பாட்டில் கிடைக்குமா? அங்கிருந்து துறைமுகம்வரை படி ஏறி இறங்காமல் வர எந்தப் பேருந்து தோது?