கேலரியில் நேராக இருக்கும் படம், ஏற்றியதும் படுத்துவிடுகிறது. உதவி தேவை

மைக்கூடு:
வணக்கம். தாத்தா எழுதிய பழைய கடிதங்கள், ஆறு பக்கம் கிடைத்திருக்கின்றன. மை வெளிறிவிட்டதால் சில வரிகளை என்னால் படிக்க முடியவில்லை. பழைய கையெழுத்து பழகியவர்களிடம் காட்டலாம் என்று போனில் படம் எடுத்து இந்த மன்றத்தில் ஏற்றினேன். கேலரியில் நேராகத்தான் இருக்கிறது, இங்கே வந்ததும் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது.

சரி என்று ஒரு மெசேஜ் ஆப்பில் எனக்கே அனுப்பி, கணினியில் இறக்கி ஏற்றினேன். இப்போது நேராக நிற்கிறது, ஆனால் எழுத்து கரைந்துவிட்டது. மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

வலைவிரல்:
இரண்டு படங்களின் நீள அகலத்தையும் சொல்லுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்துத்தானே எடுத்தீர்கள்?

மைக்கூடு:
ஆமாம், நிமிர்த்தித்தான். முதல் படம் 4000×3000. ஆப் வழியாக வந்தது 1200×1600.

வலைவிரல்:
நிமிர்த்தி எடுத்த படம் 4000×3000 என்று அகலவாக்கில் இருக்கிறது பாருங்கள், காரணம் அதுதான். கேமரா சென்சார் எப்போதும் ஒரே திசையில்தான் பதிவு செய்யும். போன் அதை அப்படியே சேமித்துவிட்டு, கோப்பின் எக்ஸிஃப் பகுதியில், அதாவது படத்தோடு சேர்ந்தே வரும் விவரப் பகுதியில், ஒரு குறிப்பு எழுதும். அதில் 6 என்று இருந்தால் ‘90 டிகிரி வலப்பக்கம் திருப்பிக் காட்டு’ என்று பொருள். கேலரி அதைப் படித்துத் திருப்பிக் காட்டுகிறது. இங்கே ஏற்றும்போது சிறிய பிரதி ஒன்று தயாராகிறது. அப்போது படத்தைத் திருப்பாமலே அந்தக் குறிப்பு கழிந்துவிடுகிறது போல.

ஆப் படத்தையே திருப்பிவிட்டது, அதனால் நிமிர்ந்தது. கூடவே படத்தின் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை (பிக்சல்) 19 லட்சத்து 20 ஆயிரமாக்கிவிட்டது. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குமேல், ஜேபெக் என்ற படக்கோப்பு வடிவம் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்கும். மெல்லிய மைக்கோடுதான் முதலில் அடிபடும்.

போனிலேயே எடிட்டில் திறந்து மேசை ஓரத்தை வெட்டிவிட்டு, பிரதியாகச் சேமித்து ஏற்றுங்கள். வெறுமனே திருப்பினால் சில ஆப்கள் குறிப்பை மட்டும் மாற்றும், வெட்டினால் பெரும்பாலும் படமே புதிதாக எழுதப்படும். ஆப் வழியாகக் கணினிக்கு அனுப்புவதென்றால், படம் சுருங்காமல் இருக்க டாகுமென்டாக அனுப்புங்கள். ஒரு பக்கத்தை மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு படமாகப் போட்டால் இன்னும் நல்லது.

தாழ்வாரம்:
மங்கிய படத்தைப் பிஎன்ஜி என்ற வேறு பட வடிவத்துக்கு மாற்றிப் பாருங்களேன்?

வலைவிரல்:
அதில் பயனில்லை நண்பரே. பிஎன்ஜி இருப்பதை இழக்காமல் வைத்திருக்கும், போனதைத் திருப்பித் தராது. எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

கல்தூண்:
ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து கவனியுங்கள். கேமராவில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால் அதே எக்ஸிஃபில் உங்கள் வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். இங்கே தெரியும் சிறிய பிரதியில் இல்லாவிட்டாலும், மூலக் கோப்பு அப்படியே சேமிப்பில் இருக்கலாம். முதலில் ஏற்றியதை நீக்கிவிட்டு, இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். கடிதத்தில் முகவரி இருந்தால் அந்தப் பகுதியையும் வெட்டிவிடுங்கள், மேலே கோடு மட்டும் போட்டு மறைக்காதீர்கள்.

மைக்கூடு:
பழையதை நீக்கிவிட்டேன், இருப்பிடத்தையும் அணைத்தாயிற்று. ஐந்து பக்கம் நேராக, தெளிவாக வந்துவிட்டன! ஆறாவது மட்டும் கேலரியிலேயே தலைகீழ்.

வலைவிரல்:
தாளை மேசையில் வைத்து, போனை நேர்க்கீழே பார்த்தபடி பிடித்திருப்பீர்கள். புவியீர்ப்பை வைத்துத்தான் போன் மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. கிடைமட்டமாகப் பிடித்தால் அதற்குக் குழப்பம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, திரையில் உள்ள குறிகள் திரும்பியதும் எடுங்கள்.

மைக்கூடு:
வந்துவிட்டது. ஆறு பக்கமும் போட்டுவிட்டேன். மிக்க நன்றி. இரண்டாம் பக்கம் ஏழாவது வரிதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

கல்தூண்:
பெரிதாக்கிப் பார்த்தேன். ‘மழை நின்றதும் புறப்படுகிறேன், பிள்ளையிடம் சொல்’ என்று இருக்கிறது.