டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை: பழைய ரசீதுகள் எல்லாம் மாமியார் பெயரில் இருக்கின்றன

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றைத் தயாரித்து விற்கிறோம். இத்தொழிலை 2017-இல் தொடங்கியவர் என் மாமியார். 2021 முதல் கணக்கு வழக்கை நான் பார்த்து வருகிறேன். ஊர்ப் பெயரும் அடுக்களையைக் குறிக்கும் ஒரு சொல்லும் சேர்ந்ததுதான் எங்கள் வணிகப் பெயர். சென்ற ஆண்டு ஓர் ஆலோசகர் மூலம் அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய, 30-ஆம் வகுப்பில் (பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகைகளில் ஒன்று) என் பெயரில் விண்ணப்பித்தோம். அதில் ‘2017 முதல் பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிய அவர், அதற்கான பிரமாணப் பத்திரம் எதையும் இணைக்கவில்லை.

இப்போது சென்னை கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகத்திலிருந்து, விண்ணப்பத்தை ஆராய்ந்து எழுதிய தேர்வு அறிக்கை வந்திருக்கிறது. ஊர்ப் பெயர் என்பதால் வணிகச் சின்னச் சட்டத்தின் பிரிவு 9-இன் கீழும், 2019-இல் வேறொருவர் விண்ணப்பித்துப் பதிவு பெற்ற ஒத்த பெயர் ஒன்று இருப்பதால் பிரிவு 11-இன் கீழும் ஆட்சேபணை எழுப்பியுள்ளார்கள். பதில் தர இன்னும் 11 நாள்களே உள்ளன. ஆலோசகர் தொலைபேசியை எடுப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு ரசீதுகளை இணைத்துப் பதில் அனுப்பினால் போதுமா?

மறுமொழி: வணிகச் சின்ன வழக்குகளில் பணிபுரிபவர்

சகோதரி, தேர்வு அறிக்கை கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஆகவே ஆலோசகருக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிலை இணையவழியில் நீங்களே தாக்கல் செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை. விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய பயன்பாட்டைக் கோருவோர் ஆவணங்களோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு வணிகச் சின்ன விதிகளின் 25-ஆம் விதி. அந்தக் குறையை இப்போது சரிசெய்ய முயலலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த ரசீதுகளும் உணவு உரிமமும் யார் பெயரில் உள்ளன? பொட்டலத்தில் இப்போது என்ன குறி அச்சிட்டிருக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர்

2017-ஆம் ஆண்டின் அச்சக ரசீதில் என் மாமியார் பெயர்தான் இருக்கிறது. அதோடு பின் குத்தி வைத்திருந்த லேபிள் மாதிரியில் தயாரிப்புத் தேதி ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கிறது. உணவு உரிமம் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது. தொழிலை எனக்கு மாற்றித் தந்ததாக எழுத்தில் எதுவும் இல்லை. விண்ணப்ப எண் வந்தவுடன் ஆலோசகர் சொன்னபடி வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியைப் பொட்டலங்களில் அச்சிட்டுவிட்டோம்.

மறுமொழி: வணிகச் சின்ன வழக்குகளில் பணிபுரிபவர்

முதலில் அந்த வட்ட ‘ஆர்’ குறியை நீக்கிவிடுங்கள். பதிவு பெறாத சின்னத்தைப் பதிவு பெற்றதாகக் காட்டுவது பிரிவு 107-இன் கீழ் தவறு. ஜன் விஸ்வாஸ் சட்டம் 2023 அதற்கான சிறைத் தண்டனையை நீக்கிவிட்டாலும் பணத் தண்டம் உண்டு. பதிவு பெறாத சின்னத்துக்கும் ‘டிஎம்’ (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, உங்கள் உண்மையான சிக்கல். நீங்கள் ஆட்சேபணைக்குப் பதில் தேடுகிறீர்கள். நான் பார்த்தவரை பழுது விண்ணப்பதாரர் பெயரில் இருக்கிறது. 2017 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் உங்கள் மாமியார், விண்ணப்பித்தவர் நீங்கள். உரிமை அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததற்குச் சான்று இல்லாத நிலையில், அந்த ரசீதுகளை இணைத்து ‘நானே 2017 முதல் பயன்படுத்துகிறேன்’ என்று நோட்டரி முன் கையெழுத்திட்டால், உங்கள் ஆவணமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முன்தேதியிட்டு உரிமை மாற்றுப் பத்திரம் தயாரித்துத் தருவதாக யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மாமியார் பெயரில் 2017 முதல் பயன்பாட்டைக் கோரி, பிரமாணப் பத்திரத்தோடு புதிதாக விண்ணப்பித்துவிட்டுப் பழையதைத் திரும்பப் பெறுவேன். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

மறுமொழி: மற்றொரு வாசகர்

பழைய விண்ணப்பத் தேதியை இழப்பது நஷ்டம் இல்லையா? பதிவு கிடைத்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்காகும் அல்லவா?

மறுமொழி: வணிகச் சின்ன வழக்குகளில் பணிபுரிபவர்

நியாயமான கேள்வி. இடைப்பட்ட காலத்தில் வேறு எவராவது விண்ணப்பித்திருந்தால் நஷ்டம்தான். ஆகவே பதிவகத்தின் தேடல் பக்கத்தில் முதலில் பார்த்துவிட வேண்டும். ஆனால் எதிரே நிற்பது 2019-ஆம் ஆண்டுச் சின்னம். அதன் முன் சென்ற ஆண்டுத் தேதியும் இந்த ஆண்டுத் தேதியும் ஒன்றுதான். அவர்களுடைய பயன்பாடு, பதிவுத் தேதி இரண்டுக்கும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தியதை நிறுவினால், பிரிவு 34 உங்கள் பயன்பாட்டைக் காக்கும். பதிவே வேண்டுமென்றால், நேர்மையான உடனிகழ் பயன்பாட்டுக்கான (ஒத்த பெயரை இருவர் ஒரே காலத்தில் நேர்மையாகப் பயன்படுத்துவது) பிரிவு 12-ஐச் சுட்டலாம். அதை ஏற்பது பதிவாளரின் முடிவு. ஊர்ப் பெயர் ஆட்சேபணைக்கும், விண்ணப்பத்துக்கு முன்பே அப்பெயர் உங்கள் பொருளுக்குரிய அடையாளமாகிவிட்டது என்று காட்டும் ரசீதுகளே விடை. பதிவாளர் மறுத்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குத்தான். முன்பு இவற்றை விசாரித்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நேற்று மாமியாரோடு அமர்ந்து ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கினோம். 2018-க்கு மட்டும் இரண்டே ரசீதுகள் கிடைத்துள்ளன, மற்ற ஆண்டுகளுக்குப் போதுமானவை உள்ளன. அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கிறோம். ஊறுகாயும் இதே 30-ஆம் வகுப்பில் அடங்குமா?

மறுமொழி: வணிகச் சின்ன வழக்குகளில் பணிபுரிபவர்

அடங்காது, ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு வகுப்புகளையும் கேட்கலாம், கட்டணம் மட்டும் 9,000 ரூபாய் ஆகும். ஊறுகாயை எந்த ஆண்டு விற்கத் தொடங்கினீர்களோ அந்தத் தேதியை அதற்குத் தனியாகக் குறிப்பிடுங்கள். பொடியின் தேதியை அதற்கும் எழுதிவிட வேண்டாம்.