ட்ரேட் செய்தி வந்த அந்த நேரம்: இன்னும் உறுத்துகிற ஒன்றை மட்டும் எழுதுங்கள்

மூன்றாம்தளம் (நியூ ஜெர்சி)

நானே ஆரம்பிக்கிறேன். பேஸ்பாலில் ஓர் அணி தன் ஆளைக் கொடுத்து இன்னோர் அணியின் ஆளை வாங்குகிற ட்ரேட் கதைதான். 2015 ஜூலை 29, நம் நியூயார்க் மெட்ஸின் மைதானம் சிட்டி ஃபீல்ட். மெட்ஸ் ஆட்டக்காரர் வில்மர் ஃப்ளோரஸ் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், முன்கதை வேண்டாம். ஃப்ளோரஸும் ஸாக் வீலரும் மில்வாக்கிக்கு, கார்லோஸ் கோமஸ் நமக்கு என்று ஆட்டத்தின் நடுவிலேயே போனில் செய்தி ஓடியது. என் வரிசையில் அதை முதலில் பார்த்தவன் நான்தான். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினேன், அவர் பின்வரிசைக்குச் சொன்னார். அப்புறம் ஃப்ளோரஸ் பேட் பிடிக்க வந்தபோது எழுந்து நின்று கை தட்டினோம். வழியனுப்புகிறோமாம்.

அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டம் கை தட்டுவதைப் பார்த்துத்தான் அந்த மனுஷனுக்கு விஷயமே தெரிகிறது. பிறகு ஷார்ட் ஸ்டாப் என்கிற தடுப்பு இடத்தில் நின்றுகொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். பதினாறாவது பிறந்தநாளன்று இந்த அணிக்குக் கையெழுத்துப் போட்ட பையன்.

கோமஸின் இடுப்பில் ஏதோ சந்தேகம் என்று அந்த ட்ரேட் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனுக்கு எதிராக 12வது இன்னிங்ஸில் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்து, நெஞ்சில் இருந்த அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். எல்லோரும் அந்த ஹோம் ரன்னைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் ‘இவனைத் தள்ளிவிட்டு ஒரு நல்ல பேட்டரை வாங்கு’ என்று எழுதித் தள்ளியவன் நான். எனக்கு அந்தச் சட்டைக் கைதான் நினைவில் நிற்கிறது.

ஸ்காபரோப் பெடியன்

2023 டிசம்பர் 8. ஓட்டானி விமானம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

அம்மாவைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, கலிஃபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தனியார் ஜெட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் இருப்பது ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி, எங்கள் ப்ளூ ஜேஸ் அணியில் சேர வருகிறார் என்று ஊரே நம்பியது. அப்போது எங்கள் அணியில் இருந்த இன்னொரு ஜப்பான்காரர் கிகுச்சி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு சுஷிக் கடையை முழுசாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு வதந்தி வேறு. மடியில் கொத்து ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா கேட்டா: “ஆர் வருகினம்?”

“ஒரு ஜப்பான்காரன், அம்மா.”

விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் ரொபேர்ட் ஹெர்ஜாவெக். ரீவியில் வருகிற தொழிலதிபர், குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறார், பாவம். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். “வராதவனுக்கு ஏனப்பு இப்பிடி முகத்தை வைச்சிருக்கிறாய்? கொத்தைச் சாப்பிடு” என்றா அம்மா. அடுத்த நாள் ஓட்டானி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு என்று அறிவித்தாகிவிட்டது. பத்து வருஷம், 700 மில்லியன் டொலர்.

மிச்சக் கதை 2025 நவம்பர் 1. கோப்பைக்கான உலகத் தொடர், எங்களுக்கும் டாட்ஜர்ஸுக்கும், ஏழாவது ஆட்டம், ரொறன்ரோவில். எறிய வந்தது யார்? அம்மா ரீவியை வடிவாகப் பார்த்துவிட்டு, “உவன்தானே அண்டைக்கு வராமல் விட்டவன்?” என்றா. எங்கள் போ பிஷெற் அந்தாளின் பந்தை மூன்று ரன்னுக்குத் தூக்கி அடித்தபோது எங்கள் வீட்டில் முதலில் எழும்பி நின்றதும் அவதான். பதினோராவது இன்னிங்ஸில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இடதுகை

@ஸ்காபரோப் பெடியன், 700 மில்லியன் என்று எழுதினால் முழுசாக எழுதுங்கள். அதில் 680 மில்லியன் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான், 2034லிருந்து கைக்கு வரும். ஆடுகிற பத்து வருஷமும் வருஷத்துக்கு 2 மில்லியன்தான். மிச்சமாகிற பணத்தில் அவர்கள் இன்னும் ஆள் எடுக்கிறார்கள். ரோஸ்டர், அதாவது அணியின் ஆள் பட்டியல், கட்டுவது என்றால் அதுதான், விமானத்தைப் பின்தொடர்வதல்ல.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெயர் போட்ட சட்டை வாங்குகிறவர்கள் முதலில் அந்த ஆட்டக்காரருக்கு மேஜர் லீகில் எத்தனை வருஷ சர்வீஸ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ஆறு வருஷம் நிறைந்தால் ஃப்ரீ ஏஜெண்ட், எந்த அணிக்கும் போகலாம். ஐந்தைத் தாண்டியவரை, புது ஒப்பந்தத்துக்கு அணி தடுமாறுகிறது என்றால், விற்கத்தான் பார்ப்பார்கள். இளைஞர் என்றால் ஆப்ஷன் வருஷம் பாருங்கள், அதாவது அணி அவரைக் கீழ்மட்ட மைனர் லீகுக்கு இஷ்டப்படி அனுப்பக்கூடிய வருஷங்கள். பொதுவாக மூன்றுதான் இருக்கும், தீர்ந்துவிட்டால் வெய்வர் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு தருவது) வழியாக அல்லாமல் மைனர் லீகுக்கு அனுப்ப முடியாது. 26 பேர் பட்டியலில் இடமில்லை என்றால் மார்ச் கடைசியில் பறிபோகிற ஆள் அவர்தான். 40 பேர் பட்டியலில் முப்பத்தொன்பதாவது, நாற்பதாவது இடத்தில் இருக்கிற ரிலீவரின் (ஆட்டத்தின் நடுவில் எறிய வருகிறவர்) சட்டையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். ட்ரேட் கெடு நெருங்குகிற ஜூலை கடைசி வாரத்தில் எந்தச் சட்டையும் வேண்டாம். ஓய்வு பெற்றவர் சட்டைதான் பத்திரம். பின்பக்கம் பெயரே போடாமல் வாங்குவது அதைவிடப் பத்திரம்.

என் கதை: 2020 ஜனவரியில் பாஸ்டன் ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸின் சட்டை வாங்கினேன். பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். விலைச்சீட்டு இன்னும் அதிலேயே தொங்குகிறது.

வெளிமதில் ஐவி (சிகாகோ)

சர்வீஸ் வருஷம் என்றதும் எனக்கு மாமனார்தான் நினைவுக்கு வருகிறார்.

2015 ஏப்ரல். அவர் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம், அதில் பாதி சங்க வேலை. பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. நான் சாப்பாட்டு மேஜையில் எங்கள் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையண்ட் விஷயத்தைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் ட்ரெய்னிங்கில் 9 ஹோம் ரன் அடித்த பையனை, ‘தடுப்பாட்டம் தேறவேண்டும்’ என்று சொல்லி மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே கூப்பிட்டார்கள். மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருஷ சர்வீஸ் கணக்கு. அவருக்கு 171 வரும். ஆக, அணிக்கு ஒரு வருஷம் கூடுதலாகக் கையில் இருப்பார். “எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க மாமா” என்றேன்.

அவர் ரசம் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். “எங்க ஃபேக்டரில 240 நாள் ஆகறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, பத்து நாள் கழிச்சு புது ஆளா எடுப்பானே, அதானே?” என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. அவருக்கு ஸ்ட்ரைக் எது, பால் எது என்று தெரியாது. ஆனால் நான் நான்கு வருஷம் வலைப்பதிவுகளில் படித்துத் தெரிந்துகொண்டதை அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டார். அப்புறம், “அந்தப் பையன் சங்கத்துல சொன்னானா?” என்று கேட்டார். பிரையண்ட் சொன்னார். முறையீடு போனது. 2020 தொடக்கத்தில் தோற்றது. தீர்ப்பு வந்தபோது நான் ஊருக்குப் போன் செய்து சொன்னேன். “தெரிஞ்சதுதானே” என்றார்.

அதற்குள் அந்த அணி 2016ல், 108 வருஷம் கழித்துக் கோப்பை வாங்கியிருந்தது, பிரையண்டுக்கு அந்த வருஷத்து எம்விபி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. நானும் தெருவில் இறங்கிக் கத்தினவன்தான். மறுக்கவில்லை.

இடதுகை

விதி விதிதான். ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறதே? அணி விதியைப் படித்தது, அவ்வளவே.

வெளிமதில் ஐவி (சிகாகோ)

மாமனாரிடம் போனைக் கொடுக்கட்டுமா?

பழைய டைகர் (மிஷிகன்)

‘மோசமான ட்ரேடுகள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான்.

இந்த ஊருக்கு வந்த புதிது. பேஸ்பாலை அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். பேச்சு கொடுக்கலாமே என்று, “ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு டாய்ல் அலெக்ஸாண்டரை வாங்கினீர்களாமே” என்று சிரித்தேன். ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம், அலெக்ஸாண்டருக்கு அப்போதே 36 வயது. சிரிக்கத்தானே தோன்றும்?

அவர் பனிவாரியைக் குத்தி நிறுத்தினார். தடிமனான கம்பளிக் கையுறை, அதில் விரல் தெரியாது. இரண்டு கையுறைகளையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்பது விரல்களைத் தூக்கிக் காட்டினார். “9–0” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு மறுபடி அள்ள ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். 1987 ஆகஸ்டில் வந்த அலெக்ஸாண்டர் டெட்ராய்ட்டுக்கு 9 வெற்றி, தோல்வியே இல்லை, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) 1.53. கடைசி மூன்று நாளும் டொராண்டோவைத் தோற்கடித்துப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த அக்டோபரின் கோப்பைச் சுற்றே இல்லை. அந்த ஒன்பது விரல்கள் குளிரில் சிவந்திருந்தன.

ஸ்காபரோப் பெடியன்

1987 பற்றி எங்களோடு கதைக்க வேண்டாம். கடைசி ஏழு ஆட்டமும் வரிசையாகத் தோற்றோம். அண்ணா இன்றைக்கும் அந்த ஆண்டை உச்சரிக்க மாட்டார்.

ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். அதே அலெக்ஸாண்டரை 1986ல் அட்லாண்டாவுக்கு விற்றது நாங்கள்தான். பதிலுக்கு வந்தவர் டுவேன் வோர்ட். 1992 உலகத் தொடரில் ஸ்மோல்ட்ஸ் அந்தப் பக்கம், வோர்ட் இந்தப் பக்கம். கோப்பை எங்களுக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ஆளை வைத்து மூன்று ஊரும் பிழைத்திருக்கிறது.

கேள்விக்குறி

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் ஆறவில்லை. ஒரு மதுக்கடையில் வினாடி வினா, கடைசிக் கேள்வி: ‘தனக்குத் தானே ட்ரேட் ஆனவர் யார்?’ நான் ஜான் மெக்டொனால்ட் என்று எழுதினேன். நடத்தியவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார்: ஹாரி சிட்டி. அதோடு கோப்பை போனது. எங்கள் அணியில் இருந்த மச்சான் இன்றைக்கும் என்னை ‘மெக்டொனால்ட்’ என்றுதான் கூப்பிடுகிறான். போன வாரம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் வைத்து.

2005ல் மெக்டொனால்ட் டொராண்டோவிலிருந்து டெட்ராய்ட் போனார், பதிலுக்கு ‘பிறகு பெயர் சொல்லப்படும் ஆள்’. சீசன் முடிந்ததும் அவரே திரும்பி வந்தார். இது தனக்குத் தானே ட்ரேட் இல்லையென்றால் வேறு எது?

இடதுகை

நடத்தியவர் சரி. மெக்டொனால்டைத் திரும்ப வாங்கியது ரொக்கத்துக்கு. சிட்டிதான் சுத்தமான உதாரணம்: 1962ல் கிளீவ்லேண்டிலிருந்து நியூயார்க் மெட்ஸ் வாங்கியது, பதிலுக்குப் பிறகு ஒரு ஆளைத் தருவதாகப் பேச்சு, 15 ஆட்டம் ஆடவைத்துவிட்டு அந்த ஆளாக அவரையே திருப்பி அனுப்பினார்கள்.

ஸ்காபரோப் பெடியன்

ரொக்கமோ கடனோ, மெக்டொனால்டைப் பற்றிச் சும்மா கதைக்காதீர்கள். 2010 தந்தையர் தினம், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ஆடிய முதல் ஆட்டம். அடுத்த ஹோம் ரன் அடிக்கும்போது தன்னைக் கை காட்டச் சொல்லியிருந்தாராம் அப்பா. கடைசி இன்னிங்ஸில் அந்த மனுஷன் அடித்தார். வருஷத்துக்கு ஒன்று இரண்டு அடிப்பதே பெரிது. ஆட்டம் தோல்விதான். என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

ஸ்கோர்ஷீட் (பாஸ்டன்)

தாளில் பென்சிலால் ஸ்கோர் எழுதுகிற கடைசி ஆட்களில் ஒருவன். 2024 ஜூன் 26, பாஸ்டன் ரெட் சாக்ஸின் மைதானம் ஃபென்வே, டொராண்டோவுடன் ஆட்டம். இரண்டாவது இன்னிங்ஸில் டேனி ஜான்சன் டொராண்டோவுக்காகப் பேட் பிடிக்கிறார், ஒரு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்). மழை. ஆட்டம் ஒத்திவைப்பு. அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியோடு தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

ஜூலையில் ஜான்சனைப் பாஸ்டன் வாங்கியது.

ஆகஸ்ட் 26, விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்குகிறது. பேட் பிடிக்க வேண்டியவர் ஜான்சன். பேட்டருக்குப் பின்னால் பாஸ்டனின் கேட்சராகக் குந்தியிருப்பவரும் ஜான்சன். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள். அவருடைய அரைகுறைப் பேட்டிங்கை முடிக்க டொராண்டோ வார்ஷோவை இறக்கியது, அவர் ஸ்ட்ரைக் அவுட். ஜான்சன் தன் பாதியை மற்றவர் முடிப்பதை ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

நான் டிவி முன்னால் அந்தப் பழைய தாளோடு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வலது பக்கம் கேட்சர் வரிசையில் மறுபடி எழுதவேண்டும். பென்சிலை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஒரே பேரை ரெண்டு தரம் எழுதியிருக்கீங்க, அழிச்சுடுங்க” என்று ரப்பரை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம்தளம் (நியூ ஜெர்சி)

அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். ரப்பர் படாமல்.