தம்பிக்கு 17 வயது, வண்டி அப்பா பேரில், விபத்து. நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்

அல்சூர் அக்கா, ஞாயிறு இரவு 10.40

வணக்கம். நாங்கள் பெங்களூரு, அல்சூர் பக்கம். விபத்து நடந்தது வேறு ஏரியாவில். தம்பி செகண்ட் பியுசி (பிளஸ் டூ மாதிரி) படிக்கிறான், 18 முடிய இன்னும் நாலு மாதம். நேற்று சாயங்காலம் அம்மா தோசை மாவு வாங்கி வரச் சொன்னார், தெருமுனைக் கடைக்குத்தான் சொன்னார், இவன் அலமாரியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நண்பன் வீடு வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பும்போது தள்ளுவண்டிக்காரர் ஒருவரை இடித்துவிட்டான். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. இவனுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். லைசென்ஸ் கிடையாது. அப்பா கார்பென்டர், அப்போது ஓசூரில் வேலையில் இருந்தார்.

ஸ்டேஷனில் அடிக்கவெல்லாம் இல்லை. பெஞ்சில் உட்கார வைத்து ஒரு கன்னடப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது, அவனோ பயத்தில் படிக்கவே இல்லையாம். ராத்திரி பத்து மணிக்கு அம்மாவிடம் இன்னொரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது, ஃபுட்போர்டு முழுக்க மாவு கொட்டிக் காய்ந்து போயிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அம்மா அழ ஆரம்பித்தார். நாளை ஒன்பது மணிக்கு ஆர்சி, இன்ஷூரன்ஸ், வயதுச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பாவும் வரணும்.

இதற்கிடையில் யாரென்றே தெரியாத ஒருத்தர் வெளியே டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 80,000 கொடுங்கள், அந்தப் பக்கம் பேசி முடித்துத் தருகிறேன், இல்லையென்றால் பையனுக்குக் கேஸ் விழுந்து பாஸ்போர்ட்கூட வராது என்கிறார். எங்களிடம் அவ்வளவு இல்லை. கடன் வாங்கிக் கொடுத்துவிடலாமா? ஜெயிலுக்கு அனுப்புவார்களா? அதற்குள் 18 ஆகிவிட்டால் என்ன ஆகும்?

கமர்ஷியல் தெரு, ஞாயிறு இரவு 10.58

சிம்பிள். அப்பாதான் ஓட்டினார் என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது அல்லவா, இன்ஷூரன்ஸும் ஒழுங்காகக் கிடைக்கும், பையன் பேரும் வராது. எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான் தப்பித்தார்கள்.

கருப்புக் கோட்டு, ஞாயிறு இரவு 11.25

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பையன் பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் ஏறியிருக்கிறது, அடிபட்டவர் பார்த்திருக்கிறார், தெருவில் கேமரா இருக்கும், அப்பா அன்றைக்கு ஓசூரில் இருந்தது அவர் போனிலேயே தெரியும். சின்ன விஷயத்தைப் பொய்ச் சாட்சி வழக்காக்கிக்கொள்வீர்கள். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் கார் ஓட்டி இருவர் இறந்த வழக்கு ஞாபகம் இருக்கும், 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, அதுதான். அதில் டிரைவரைப் பழி ஏற்கச் சொல்லி அடைத்து வைத்ததாகக் குடும்பத்தார் மேல் தனிக் கேஸே வந்தது. அவ்வளவு வசதியான வீட்டுக்கே அந்த வழி உதவவில்லை.

தங்கச்சி, இதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது, பையனுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. பையனை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அப்பாதான் கவலை.

பையனுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம். விபத்து நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு, நடுவில் 18 ஆனாலும் சிறார் வழக்குகளைப் பார்க்கும் அதே இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். தாறுமாறாக ஓட்டியதற்கும் எலும்பு முறிந்ததற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த சட்டம்) 281, 125 பிரிவுகள் வரும், அதிகபட்சமே மூன்று வருடம். மூன்று வருடம் வரை உள்ளதை இந்தச் சட்டம் சிறு குற்றம் என்றுதான் வைத்திருக்கிறது. அதற்குப் பையன் மேல் எஃப்ஐஆர் கிடையாது, டைரியில் எழுதிக் குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள் (கன்னடத்தில் பால நியாய மண்டலி என்பார்கள், நாளை அந்த வார்த்தை காதில் விழுந்தால் பதறாதீர்கள்). லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, ஜெயில் என்ற பேச்சே இல்லை. முக்கியமாக, 2016 மாதிரி விதிகளின்படி பையனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. அந்தக் கன்னடப் பேப்பர் என்ன என்று நாளை முதலில் கேளுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நகலும் கேளுங்கள். அம்மா போட்டது பெரும்பாலும் கூப்பிடும்போது பையனைக் கூட்டி வருவேன் என்ற உறுதிமொழியாக இருக்கும். அதில் தப்பில்லை.

அப்பா விஷயம் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, 2019 திருத்தத்தில் வந்தது. 18 ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் மேல் கேஸ்: மூன்று வருடம் வரை சிறை, 25,000 அபராதம், ஆர்சி 12 மாதம் ரத்து. அப்புறம், தம்பிக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது, அவனுக்கு இதுதான் உறைக்கும். தனக்குத் தெரியாமல் எடுத்தான், தடுக்க வேண்டியதைச் செய்திருந்தேன் என்று அப்பா நிரூபித்தால் தப்பலாம், ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அதனால் மாவு, அலமாரி, சாவி கதையை நாளை அவர் பதற்றத்தில் தானாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

80,000 ஆள் யார்? அடிபட்டவரா, அவர் மகனா? ஒருவரும் இல்லை. கொடுக்காதீர்கள். அடிபட்டவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போடலாம். லைசென்ஸ் இல்லாததால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உங்கள் அப்பாவிடம் வசூலிக்கப் பார்க்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வயதுக்கு எஸ்எஸ்எல்சி மார்க்ஸ் கார்டு ஒரிஜினலும் நகலும். ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இலவச வக்கீலுக்கு 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வருமானமே பார்க்காமல் கொடுக்கணும், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவு. அப்பாவுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். சட்ட உதவி அலுவலகத்துக்கு நேரில் போவதானால் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடம்.

லிங்கராஜபுரம் அம்மா, திங்கள் காலை 6.10

வக்கீல் சார் சட்டம் சொல்லிவிட்டார், நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் என் மகனும் இதே மாதிரி. குழுமம் என்றதும் சினிமா கோர்ட்டு மாதிரி நினைத்துக்கொண்டு கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போனேன். அங்கே உயரமான மேடையெல்லாம் இல்லை, சாதாரண மேஜை, ஒரு மாஜிஸ்ட்ரேட், பக்கத்தில் சமூக சேவகர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். அந்த அம்மா மகனிடம் கேட்ட முதல் கேள்வி, அடிபட்டவரைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான். இவன் பார்க்கவில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. அதனால் இன்றைக்கே அப்பாவும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், மருந்துச் செலவுக்கு முடிந்ததைக் கொடுத்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள், வெற்றுப் பேப்பரில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

அப்புறம் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், காலேஜ் அட்டென்டன்ஸ் கேட்பார். தெரு முழுக்க ஜன்னலில் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்குக் கவுன்சலிங் போகச் சொன்னார்கள், அப்புறம் சில ஞாயிற்றுக்கிழமை சமூக சேவை. கேஸ் முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் கோர்ட்டில் 25,000 கட்டினார், அது தனி வயிற்றெரிச்சல்.

அல்சூர் அக்கா, திங்கள் இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. காலை 15100-இல் பேசினேன், அவர்கள் சொன்ன வக்கீல் அம்மா பதினொரு மணிக்கு வந்தார். தம்பி கையெழுத்துப் போட்டது அவன்தான் வேகமாக வந்து இடித்தான் என்ற வாக்குமூலமாம். விதிப்படி இது கூடாது என்று வக்கீல் அம்மா எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். குழுமத்துக்கு அடுத்த வாரம் தேதி. அப்பா மேல் 199ஏ போட்டுவிட்டார்கள், சொன்ன மாதிரி அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. டீக்கடை ஆளைக் காணோம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் தம்பியைத் திட்டவே இல்லை, தள்ளுவண்டியில் இருந்த தராசு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். தம்பி தலையைத் தூக்கவில்லை. இப்போது அந்தத் தராசைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு சந்தேகம் பாக்கி, அந்த ஆள் சொன்ன பாஸ்போர்ட் விஷயம் உண்மையா?

கருப்புக் கோட்டு, திங்கள் இரவு 9.50

இல்லை. கேஸ் முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ போலீஸ் அந்தப் பதிவை வெளியே கொடுக்கக் கூடாது, இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு. வேலைக்கோ படிப்புக்கோ இதைக் காட்டித் தகுதியிழப்பு வராது, அது 24-ஆம் பிரிவு. குழுமம் விசாரணையை நாலு மாதத்தில் முடிக்கணும், கூட்டினால் இன்னும் இரண்டு மாதம், சிறு குற்றத்தில் அதற்கும் முடியவில்லை என்றால் கேஸே போய்விடும். தேதி அன்றைக்குத் தம்பியைச் சீருடையோ நல்ல சட்டையோ போட்டுக் கூட்டிப் போங்கள். தராசு தள்ளுவண்டியோடு ஸ்டேஷனிலேயே இருக்கலாம், பறிமுதல் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.