மூச்சு வாங்கினாலும் நடக்கலாமா? எங்கள் வீட்டு அனுபவம்

கொங்குமகள்:
அம்மாவுக்கு 67 வயசு. புகைப்பழக்கம் கிடையாது, நாற்பது வருஷம் விறகடுப்பு மட்டும்தான். சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சிரைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று தெரிந்த நாளிலிருந்து அவரை ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுக்க விடவில்லை நாங்கள். "நீ உட்காரும்மா" என்று சொல்வதுதான் பாசம் என்றிருந்தோம். முதலில் பார்த்த மருத்துவரும் ஓய்வு எடுக்கச் சொன்னதோடு சரி. ஒரே வருஷத்தில் பாத்ரூம் போய் வந்தாலே மூச்சிரைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் பார்த்த நுரையீரல் மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் தாழ்வாரம், விரலில் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றும் 170 மீட்டர்தான் நடக்க முடிந்தது. அம்மா அழுதுவிட்டார்.

அங்கிருந்த பெண் மறைக்காமல் சொன்னார்: "நுரையீரல் பழையபடி ஆகாதுங்கம்மா. ஆனா உக்காந்து உக்காந்து தொடை இளைச்சுப்போச்சு. இளைச்ச தொடை சீக்கிரம் களைக்கும், அதுக்கும் சேர்த்து மூச்சு வாங்கும். காலைத் தேத்துவோம்."

மூச்சுப் பழக்கம்தான் எனக்கு மறக்கவே மறக்காது. இந்த நோயில் மூச்சை வெளியே விடும்போது சிறுகுழாய்கள் மூடிக்கொள்ளுமாம். பழைய காற்று உள்ளேயே தேங்கி, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட்டால் குழாய்கள் திறந்தே இருக்கும். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஊதாங்குழல்ல ஊதுவீங்கல்ல, அதே வாய். ஆனா அடுப்பு பத்தக் கூடாது, அவ்வளவு மெதுவா" என்றார் அந்தப் பெண். உடனே வந்துவிட்டது.

வாரம் மூன்று நாள், எட்டு வாரம். நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குதல். கடைசிச் சோதனையில் 245 மீட்டர்! இப்போது வாசலில் நாலு புள்ளிக் கோலம் அம்மாதான் போடுகிறார். குனியும்போது மூச்சை விடுகிறார், நிமிரும்போது இழுக்கிறார்.

மலைக்கோட்டையான்:
அப்பா ஓய்வுபெற்ற கண்டக்டர், பீடிப் பழக்கம் இருந்தது. மூச்சு வாங்கினாலே உயிர் போய்விடும் என்று பயப்படுவார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் ரொம்ப நாளானது. பயிற்சியில் இரைப்புக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் கேட்பார்கள். பேச முடியாமல் நாலு விரலைக் காட்டுவார். "நாலுன்னா போய்க்கிட்டே இருங்க" என்பார்கள். ஆனால் ஒருநாள் ஆக்சிமீட்டர் 85 காட்டியதும் உடனே நிறுத்தினார்கள். 88-க்குக் கீழே போனால் நிறுத்துவது அங்கே வழக்கம். அதற்கப்புறம் மருத்துவர் சொல்லி, ஆக்சிஜன் வைத்தபடியே நடந்தார். தயவுசெய்து சோதனை செய்யாமல் வீட்டிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். இதய நோயும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நெய்தல்:
நானே நோயாளி. பத்து வாரம் ஒழுங்காகப் போனேன், முடிந்ததும் விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் பழையபடி மாடிப்படியில் பாதியில் நின்றேன். மறுபடி முதலிலிருந்து. இப்போது சீரியலில் விளம்பரம் வந்தால் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவேன். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடை. மருத்துவர் சொன்னபடி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு இன்ஹேலர். சகோதரி, அம்மா கோலத்தோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொங்குமகள்:
சரிங்கண்ணா. இன்றைக்கு ராத்திரி சீரியலிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்கிறேன், நானும் கூட எழுந்து உட்காருகிறேன்.