பீளமேட்டு வீடு – குடும்பக் குழு

பிரபு (லீட்ஸ்): ஞாயிற்றுக்கிழமை ஒரு பைக் பார்க்கப் போகிறேன். ஹோண்டா விஎஃப்ஆர் 750எஃப், 1994ஆம் ஆண்டு வண்டி, சிவப்பு. சித்தப்பா, என்னென்ன பார்க்க வேண்டும்?

அம்மா: முப்பது வருடப் பழைய வண்டியா? அந்த ஊரில் புது வண்டியே விற்பதில்லையா?

சித்தப்பா: அண்ணி, கொஞ்சம் பொறுங்கள். பையன் நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். பிரபு, இன்ஜின் ஓடும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். பயந்துவிடாதே. அது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை ஓட்டும் பல்சக்கரங்களின் சத்தம். பெரும்பாலான வண்டிகளில் அந்த வேலையைச் செய்யும் டைமிங் செயினே அதில் கிடையாது.

கார்த்தி: செயின் மலிவு, சத்தமும் குறைவு. எதற்கு இந்த வீண் வேலை?

சித்தப்பா: மானப் பிரச்சினை! எண்பதுகளின் தொடக்கத்தில் விஎஃப் 750 என்று நான்கு சிலிண்டர் ‘வி’ இன்ஜின் வண்டிகளை விட்டார்கள். கேம்ஷாஃப்டின் மேற்பரப்பு பொரிந்து குழி விழுந்தது. உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. 1986இல் விஎஃப்ஆர் வந்தபோது நான்கு கேம்ஷாஃப்டுக்கும் பல்சக்கரம் போட்டுவிட்டார்கள்.

கார்த்தி: குழி விழுந்தது கேமில். செயின் என்ன பாவம் செய்தது?

சித்தப்பா: சரியான கேள்வி. செயினை மாற்றியதால் மட்டும் அந்தக் குறை தீர்ந்துவிடாது. ஆனால் “இனி இந்த இன்ஜினில் ஒருவரும் குறை சொல்லக் கூடாது” என்ற வீம்பு அதில் தெரிகிறது. லேத் பட்டறை நடத்தியவனைக் கேள். இத்தனை பல்சக்கரங்களை நூல் பிசகாமல் கடைந்து, இடைவெளி பார்த்துக் கோப்பது காசைத் தின்னும் வேலை. கணக்குப்பிள்ளை சம்மதிக்கவே மாட்டார். 2002இல் 800 சிசி விஎஃப்ஆருக்குச் செயினைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அன்றோடு ஆர்வம் போய்விட்டது.

சாந்தி அத்தை: ஹோண்டா என்பது ஆள் பெயரா, ஊர் பெயரா?

சித்தப்பா: ஆள்தான், அக்கா. சோய்ச்சிரோ ஹோண்டா. ஊர் ஜப்பானின் ஹமாமத்சு. தறி செய்து தொடங்கிய சுசுகியும், ஆர்கன் செய்து தொடங்கிய யமஹாவும் அதே ஊர்தான். நம் கோவையைப் போல மில்லும் பட்டறையும் கலந்த ஊர். 1946இல், போரில் மிஞ்சிய ராணுவ ரேடியோ ஜெனரேட்டர் இன்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டேங்க்குக்கு வெந்நீர்க் குடுவை! முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் அவர் மனைவி சாச்சி. 1948இல் கம்பெனி தொடங்கினார்.

சாந்தி அத்தை: சாச்சி படம் எந்த ஷோரூமிலும் மாட்டியிருப்பதாகத் தெரியவில்லையே.

கார்த்தி: 😄

சித்தப்பா: இன்னொன்று. இந்த ‘வி’ வடிவத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தோல்வியும் உண்டு. பந்தயத்தில் எல்லாரும் டூ ஸ்ட்ரோக் ஓட்டிய காலத்தில், ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்று பிடிவாதம் பிடித்தது. என்ஆர் 500 என்று ஒரு ‘வி’ இன்ஜின் வண்டி. பிஸ்டன் வட்டமாக இருக்காது, நீள்வட்டம். ஒரு சிலிண்டருக்கு எட்டு வால்வு, மொத்தம் 32. 1979இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தில் இரண்டு வண்டிகள் இறங்கின. இரண்டும் பந்தயத்தை முடிக்கவில்லை.

கார்த்தி: தோற்றதற்கா இவ்வளவு பெருமை?

சித்தப்பா: ஜெயித்ததும் உண்டு. 1959இல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்துக்கு முதல் தடவை போனபோது 125 சிசியில் கிடைத்தது ஆறாவது இடம். 1961இல் 125, 250 இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கு. விஎஃப்ஆரின் பந்தய உடன்பிறப்பு ஆர்சி 30, 1988இல் முதல் சூப்பர்பைக் உலகப் பட்டத்தை வாங்கியது.

நித்யா: மாமா, எனக்கு ஒரே கேள்வி. நெடுந்தூரம் போகும்போது பின் சக்கரம் பஞ்சரானால்?

சித்தப்பா: அதற்கு 1990 முதலே வழி செய்துவிட்டார்கள், அம்மா. பின் சக்கரத்தை ஒரே பக்கத்துக் கைதான் தாங்குகிறது. எல்ஃப் என்ற பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனியின் பந்தயக் குழுவோடு சேர்ந்து கற்றது. பின் சக்கரத்தை ஓட்டும் செயினைத் தொடாமலே சக்கரத்தைக் கழற்றலாம்.

நித்யா: சரி, பாதிச் சம்மதம்.

சித்தப்பா: பிரபு, இப்போது கவனி. நீ போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேள். மல்டிமீட்டர் எடுத்துப் போ. வேகம் கூட்டும்போது பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். இந்த வண்டிகளில், வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் எரிவது பழைய நோய். ரொம்ப நாள் ஓடாமல் நின்றிருந்தால் நான்கு கார்புரேட்டரும் அடைத்திருக்கும். அவை ‘வி’யின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் மெக்கானிக் கூலி உன்னைக் கொன்றுவிடும். பின் செயினை இறுக்கும் வளையம் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் பார்.

அம்மா: எடை எவ்வளவு?

பிரபு: இருநூறு கிலோவுக்கு மேல், அம்மா.

அம்மா: நீ அறுபது.

பிரபு: சித்தப்பா, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒலிப்பதிவு செய்து அனுப்பட்டுமா?

சித்தப்பா: முதல் ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் நின்று பேசாதே.

நித்யா: நானும் போகிறேன். பின் இருக்கையில் உட்கார்ந்து பார்க்காமல் ஒரு பவுண்டு கூடக் கொடுக்க மாட்டோம்.