உதவி: ரூட்டன்பர் கார், எந்த வருஷத்து மாடல்?

கொட்டகைக்காரன்:
அவசரம். இல்லினாய்ல பக்கத்துப் பண்ணையில கொட்டகையைக் காலி பண்றாங்க. உள்ள பழைய கார் ஒண்ணு கிடக்கு. பாடி இல்ல, சேஸியும் எஞ்சினும் மட்டும். எஞ்சின் மேல "ரூட்டன்பர்"னு இருக்கு. அந்தப் பேர்ல கார் தேடினா உருப்படியா ஒண்ணும் வரல. எந்த வருஷம், எவ்வளவு கேக்கலாம்? நம்பரும் இருக்கு, துருவுல சரியா தெரியல. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்.

ஸ்பானர்செட்:
எத்தனை சிலிண்டர்? தனித்தனியா வார்த்ததா, ஜோடியா, ஒரே பிளாக்கா? ஸ்டியரிங் வலமா இடமா? வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி) எவ்வளவு? கியர்பாக்ஸ் எஞ்சினோட ஒட்டி இருக்கா, நடுவுலயா, பின் அச்சிலயா? மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்பொறி தர்றது) மிச்சம் இருக்கா? போட்டோ எங்க?

இரும்புப்பித்தன்:
ஆபர்ன்! கண்ணை மூடிட்டு சொல்றேன். ஆபர்னோட முதல் நாலு சிலிண்டர் கார்கள்ல ரூட்டன்பர்தான். விட்டுடாதீங்க தல.

சக்கரவர்த்தி:
இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு முறை வருகிறது, யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. ரூட்டன்பர் என்பது எஞ்சின் செய்தவர் பெயர். கிணற்றில் கிர்லோஸ்கர் பம்ப்செட் இருந்தால் அதைக் கிர்லோஸ்கர் கிணறு என்பீர்களா? எட்வின் ரூட்டன்பர் வடிவமைத்தது, இந்தியானாவில் வெஸ்டர்ன் மோட்டார் கம்பெனி தயாரித்தது, பிற்பாடு அதுவே ரூட்டன்பர் மோட்டார் கம்பெனி ஆனது. எழுத்துக்குப் பக்கத்தில் "வெஸ்டர்ன்" இருக்கிறதா என்று பார்த்திருந்தால் பாதி விஷயம் தெரிந்திருக்கும். இருந்தால் எஞ்சின் பழையது.

ஆபர்ன் என்று குதிக்கும் தம்பிக்கு: மூன், கிளைடு, ஹாலடே, லூவர்ன் கார்கள் எல்லாமே இதே எஞ்சினைப் போட்டவை. முறையே செயின்ட் லூயிஸ், பியோரியா, ஸ்ட்ரீட்டர், மினசோட்டாவில் லூவர்ன் என்று ஆளுக்கொரு ஊர். கண்ணைத் திறந்துகொண்டு சொல்லலாம்.

நூலகவாசி:
சக்கரவர்த்தி சார் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் இருக்கட்டும்.

கொட்டகைக்காரன், அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வெளியில் வாங்கிக் கோத்துத்தான் கார் செய்தன. எஞ்சின் ரூட்டன்பரோ கான்டினென்டலோ, கியர் மன்சி ஊரில் இருந்து வார்னர், அச்சு டிம்கன் அல்லது வெஸ்டன்-மாட், கார்புரேட்டர் இண்டியானாபொலிஸ் ஷெப்ளர். அதனால் உதிரி ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருக்கும், அதில் எதுவும் காரின் பெயராக இருக்காது. எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஒரே உதிரிக் கூட்டணி கொண்ட கார் மொத்தமே இரண்டு மூன்றுதான் இருக்கும்.

எங்கே ஒப்பிடுவது என்றால், ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ கண்காட்சிகளை ஒட்டி 'மோட்டார் ஏஜ்', 'ஹார்ஸ்லெஸ் ஏஜ்' மாதிரிப் பத்திரிகைகள் அந்த வருட மாடல்களை அட்டவணையாகப் போட்டன: போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்), வீல்பேஸ், டயர் அளவு எல்லாம். ஸ்கேன் செய்த பழைய நூல்கள், பத்திரிகைகள் இருக்கும் ஹாத்தி ட்ரஸ்ட் இணைய நூலகத்தில் முழு உரைத் தேடல் இலவசம். ஆனால் பின்னத்தைத் தேடாதீர்கள். ஸ்கேன் எழுத்தாக மாறும்போது 4¾ என்பது 4-ம் சதவீதக் குறியுமாகிவிடும். வீல்பேஸைத் தேடுங்கள், முழு எண் தப்பிக்கும். ரூட்டன்பரைக் கடைசியில் ஒரு "ஜி" சேர்த்தும் தேடுங்கள். அச்சுக்கோத்தவர்கள் அப்படித்தான் பாதி இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

கொட்டகைக்காரன்:
4 சிலிண்டர். தனித்தனி. ஸ்டியரிங் வலது பக்கம். மத்தது நாளைக்குப் பாக்கறேன்.

ஸ்பானர்செட்:
போர் வேணும். இதுல ஹெட் தனியா கழலாது, சிலிண்டரோட சேர்ந்தே வார்த்திருப்பாங்க. ஒரு சிலிண்டரை அடி நட்டுகளைக் கழட்டி மேல தூக்கணும். பிஸ்டன் பிடிச்சிருந்தா தட்டாதீங்க, வார்ப்பிரும்பு, பட்டுனு விரியும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதி, அசிட்டோன் பாதி கலந்து பிளக் துளை வழியா ஊத்தி ஊற விடுங்க. மூடி வைங்க, அசிட்டோன் பறந்துடும். நெருப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க.

எஞ்சின் சுத்தினா ஸ்ட்ரோக்கைக் கழட்டாமலே எடுக்கலாம். வால்வு மூடியோ பிளக்கோ பிஸ்டனுக்கு நேர் மேல இருந்தா ஒரு கம்பியை நட்டக்குத்தலா இறக்கி, பிஸ்டன் மேல வந்த இடத்துலயும் கீழ போன இடத்துலயும் குறி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ளது ஸ்ட்ரோக். கம்பி சாஞ்சா கணக்கு தப்பும்.

மெட்ரிக் ஸ்பானர் போட்டு நட்டு முனையை உருட்டிடாதீங்க. பிளக் துளை அரை அங்குலப் பைப் மரையா இருக்கலாம், அது உள்ள போகப் போகக் குறுகும். இப்ப உள்ள பிளக்கைத் திணிச்சா மரை போச்சு.

இரும்புப்பித்தன்:
போர் கிடைச்சா குதிரைத்திறன் வந்துடும்: போரை அங்குலத்துல வர்க்கம் பண்ணி, சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கி, 2.5-ஆல வகுக்கணும். 4 அங்குலம், 4 சிலிண்டர்னா 25.6. அதை வச்சே ஆபர்ன்னு நிரூபிச்சுடலாம்.

சக்கரவர்த்தி:
அது வரி போடுவதற்கான கணக்கு. பிஸ்டன் நிமிடத்துக்கு 1000 அடி ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்டது, ஸ்ட்ரோக் அதில் வரவே வராது. விளம்பரத்தில் கம்பெனி சொன்ன எண் வேறு. இரண்டையும் கலந்தால் 1908 காரை 1912 என்பீர்கள்.

பித்தளைக்காதலன்:
யாரும் செல்டன் தகடு பத்திக் கேக்கலையே? பெட்ரோல் காருக்கே காப்புரிமை வச்சிருந்தவர் செல்டன், அதுக்கு உரிமம் வாங்கின கார்ல அடிச்ச தகடு அது. டேஷ்ல பித்தளைத் தகடு இருந்தா 1903-லிருந்து 1911-க்குள்ள. இல்லைன்னா 1911-க்கு அப்புறம். அவ்வளவுதான்.

நூலகவாசி:
அப்படி இல்லை. தகடு, உரிமம் வாங்கிய கம்பெனிகளுக்கு மட்டும். ஃபோர்டு வாங்கவே இல்லை. 1908 ஃபோர்டில் தகடு இல்லையென்று அதை 1912 ஆக்கிவிடுவீர்களா?

பித்தளைக்காதலன்:
ஃபோர்டு விதிவிலக்கு. 1909-ல நீதிமன்றம் செல்டன் பக்கம்தானே தீர்ப்பு சொல்லிச்சு? அதுக்கப்புறம் பலபேர் ஓடிப்போய் உரிமம் வாங்கினாங்க.

சக்கரவர்த்தி:
1909 தீர்ப்பு மேல்முறையீட்டில் 1911 ஜனவரியில் விழுந்தது. காப்புரிமை செல்லும், ஆனால் பிரேட்டன் வகை எஞ்சினுக்கு மட்டும் என்றார்கள். அந்த வகையை யாரும் காரில் போடவில்லை. 1895 நவம்பரில் வழங்கிய காப்புரிமைக்கு 17 வருட ஆயுள், எப்படியும் 1912-ல் முடிந்திருக்கும். ஃபோர்டு மட்டும் விதிவிலக்கும் அல்ல. உரிமம் எடுக்காதவர்கள் 1905-ல் தனிச் சங்கமே வைத்தார்கள்.

பித்தளைக்காதலன்:
அப்ப தகட்டால பிரயோஜனமே இல்லைங்கறீங்க.

நூலகவாசி:
இருந்தால் பிரயோஜனம், இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தகடு போயிருந்தாலும் டேஷ் மரத்தில் ஆணித் துளைகள் இருக்கும், அவற்றின் இடைவெளியை அளந்து வையுங்கள். இதை வேறு இழையில் தொடரலாமே, இங்கே அவர் சனிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்பானர்செட்:
இன்னொண்ணு. எஞ்சின் இந்தச் சேஸியோட பொறந்ததுதானான்னு முதல்ல பாருங்க. பண்ணைகள்ல கார் எஞ்சினை எடுத்து மரம் அறுக்க, தண்ணி இறைக்க வச்சது சகஜம். எஞ்சின் கால் உக்கார்ற இடத்துல ரெண்டு ஜோடி துளை இருந்தா, அதுல ஒரு ஜோடி கைத்துளையா கோணலா இருந்தா, மாத்தின எஞ்சின். அப்ப ரூட்டன்பர்ங்கற தடயத்தையே தூக்கிப் போட்டுட்டுச் சேஸியை மட்டும் நம்புங்க.

டயர்ல 34 × 4-னு இருந்தா 34 வெளி விட்டம். ரிம் 26 அங்குலம். ரிம்மை அளந்துட்டு அதையே டயர் சைஸ்னு எழுதினா அட்டவணையில எதுவுமே பொருந்தாது.

நம்பரை வயர் பிரஷ்லயோ கிரைண்டர்லயோ தொடாதீங்க. பித்தளைக்குப் புளியும் வேண்டாம், எழுத்துக்குள்ள இருக்கிற கறுப்பு போயிடும். மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, சாக்பீஸ் தூள் தடவி, டார்ச்சைத் தட்டையாப் பக்கவாட்டுல பிடிச்சு போட்டோ எடுங்க. ஆனா அது எஞ்சின் நம்பர், கார் நம்பர் இல்ல.

இரும்புப்பித்தன்:
ஹப் கேப்ல (சக்கரத்து நடு மூடியில) என்ன எழுத்து? "ஏ"னு இருந்தா நான் சொன்னது...

கொட்டகைக்காரன்:
டேஷ் பலகைக்குப் பின்னாடி தகடு இருந்துச்சு. "ஸ்ட்ரீட்டர் மோட்டார் கார் கம்பெனி, ஸ்ட்ரீட்டர், இல்லினாய்". எஞ்சின் காலுக்கு ஒரே ஜோடி துளைதான். நன்றி எல்லாருக்கும்.

நூலகவாசி:
அப்படியானால் உங்கள் கார் ஹாலடே, ஸ்ட்ரீட்டர் கம்பெனி செய்தது அதைத்தான். 1905-ல் தொடங்கியது. பிறகு ஆல்பர்ட் பார்லி கைக்குப் போனது. அதே பார்லிதான் 1916-ல் ஸ்ட்ரீட்டரில் ரோமர் காரைத் தொடங்கி, பின்பு கலமசூவுக்குக் கொண்டுபோனவர். ஹாலடே பெயர் ஒஹாயோவுக்குப் போய் 1922 வரை தாக்குப்பிடித்தது. உங்கள் தகட்டில் ஸ்ட்ரீட்டர் இருப்பதால் ஒஹாயோ வருடங்களைத் தொட வேண்டாம்.

தேடும்போது ஒரு தொல்லை வரும். ஹாலடே என்று காற்றாலை ஒன்றும் உண்டு, அதுவும் இல்லினாய், படேவியா ஊர். பண்ணைப் பத்திரிகைகளில் தேடினால் முழுக்கக் காற்றாலைதான் வந்து விழும். "ஸ்ட்ரீட்டர்" என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்தே தேடுங்கள். உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தொகுப்பு, அதே இடத்தில் சான்போர்ன் காப்பீட்டு வரைபடங்களில் தொழிற்சாலையைப் பார்க்கலாம். கேட்லாக் வேண்டுமென்றால் டெட்ராய்ட் பொது நூலகத்தின் வாகன வரலாற்றுப் பிரிவுக்கு எழுதுங்கள். எழுதும்போது வீல்பேஸும் போரும் இல்லாமல் எழுதாதீர்கள், அவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஸ்பானர்செட்:
வீல்பேஸ் இன்னும் வரல. ஹப் நடுவுலேர்ந்து ஹப் நடு வரைக்கும், ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அச்சு நகர்ந்திருக்கு, இல்ல சேஸி வளைஞ்சிருக்கு. விலை பேசறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

பித்தளைக்காதலன்:
அந்தத் தகட்டுக்குப் பக்கத்துல வேற ஆணித் துளை இருந்துச்சா?

ஸ்பானர்செட்:
கொட்டகைக்காரன், போர்?